என்ஜின் மறுபடி மறுபடி ஹீட் ஆகிறதா? காரணத்தைக் கண்டுபிடிக்க உதவும் கேள்வி பதில்கள்

தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலன்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) மாற்றியாயிற்று, கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) மாற்றியாயிற்று, ரேடியேட்டரும் புதுசு. ஆனாலும் சூடு காட்டும் முள் மேலே ஏறுகிறது. இப்படிப் பணம் கரைந்த வண்டிகளில் பெரும்பாலும் யாரும் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கும்: எப்போது சூடாகிறது? அதற்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கீழே உள்ளவை நம் சாலைகளில் ஓடும் சாதாரண பெட்ரோல், டீசல் கார்களுக்கானவை.

ஓடிக்கொண்டிருக்கும்போதே முள் சிவப்புக்குப் போய்விட்டது. உடனே என்ன செய்ய வேண்டும்?

முதலில் ஏ.சி.யை அணைத்துவிடுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டிலும் புளோயரை முழு வேகத்திலும் வையுங்கள், ஜன்னல்களை இறக்கிவிடுங்கள். ஹீட்டருக்குள்ளும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான் இருக்கிறது. என்ஜின் சூட்டில் கொஞ்சத்தை அது வெளியே இழுத்துவிடும். ஓரமாக நிறுத்த இடம் கிடைக்கும்வரை சமாளிக்கத்தான் இது. ஆவி வருகிறது, கீழே தண்ணீர் கொட்டுகிறது, அல்லது ஹீட்டரில் சூடு வராமல் குளிர்ந்த காற்று வருகிறது என்றால் உள்ளே கூலன்ட் குறைந்துவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்திலேயே என்ஜினை நிறுத்துங்கள்.

நிறுத்திய பிறகு ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். உள்ளே 100 டிகிரியைத் தாண்டிய திரவம் அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. மூடியைத் திருகியதும் அது முகத்தில் பீய்ச்சி அடிக்கும். துணியைப் போட்டுத் திறப்பதும் பாதுகாப்பு ஆகாது. மேல் ஹோஸைக் கையால் அமுக்கினால் கொழகொழவென்று இருக்க வேண்டும், கை வைக்க முடிகிற சூடுதான் இருக்க வேண்டும். அதுவரை பொறுங்கள். முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் கூடாது, ஹெட்டில் (சிலிண்டர்களை மேலே மூடும் பகுதி) விரிசல் விழும்.

"வீடு ரெண்டு கிலோமீட்டர்தானே, போய்விடலாம்" என்ற எண்ணம்தான் சில நூறு ரூபாய் ஹோஸ் வேலையை ஹெட் வேலையாக மாற்றுகிறது. டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

எவ்வளவு சூடு சரியான சூடு?

பெரும்பாலான கார்களில் தெர்மோஸ்டாட் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். ஓடும்போது 85க்கும் 100க்கும் இடையில் இருப்பது இயல்பு. நெரிசலில் 100ஐத் தொட்டு, ஃபேன் ஓடியதும் இறங்கினால் பயப்பட வேண்டாம். 110ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் கோளாறு.

டேஷ்போர்டு முள்ளை மட்டும் நம்பாதீர்கள். இன்றைய பல கார்களில் அந்த முள் வேண்டுமென்றே மந்தமாக அமைக்கப்பட்டிருக்கிறது. சுமார் 75 டிகிரியிலிருந்து 105 வரை அப்படியே நடுவில் நிற்கும், அதற்கப்புறம் விறுவிறுவென்று ஏறும். அது அசைவதற்குள் தாமதமாகிவிடும். சில கார்களில் முள்ளே கிடையாது, நீல விளக்கும் சிவப்பு விளக்கும் மட்டும்தான். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் துளை) செருகும் புளூடூத் ரீடர் ஒன்று வாங்கிக்கொண்டால் உண்மையான டிகிரியை போனிலேயே பார்க்கலாம். இந்தக் கோளாறைத் தேடுபவருக்கு இதைவிடப் பயனுள்ள சாமான் வேறு இல்லை.

"எப்போது சூடாகிறது" என்பதில் அப்படி என்ன இருக்கிறது?

என்ஜினைக் குளிர்விக்க இரண்டு ஓட்டம் வேண்டும்: கூலன்ட் ஓட்டம், காற்று ஓட்டம். வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும். சிக்னலில் நிற்கும்போது ஃபேன் ஒன்றுதான் கதி. இந்த வித்தியாசமே நமக்குத் துப்புக் கொடுக்கிறது.

நெரிசலில் ஏறி, பைபாஸுக்கு வந்ததும் இறங்கிவிடுகிறதா? கூலன்ட் நன்றாகச் சுற்றுகிறது, காற்றுதான் போதவில்லை. ஃபேன், அதன் ரிலே, ஃபியூஸ், சென்சார், ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏ.சி. கண்டென்ஸரில் அடைந்த தூசி ஆகியவற்றைப் பாருங்கள். ரேடியேட்டரை மாற்ற அவசரப்பட வேண்டாம்.

இதற்கு நேர்மாறாக, ஊருக்குள் சரியாக இருந்துவிட்டு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறதா? ஃபேனை விட்டுவிடுங்கள். என்ஜின் அதிகச் சூட்டை உண்டாக்கும்போது அதை வெளியேற்றும் அளவுக்கு கூலன்ட் ஓடவில்லை. உள்ளே அடைத்த ரேடியேட்டர், பாதி மட்டும் திறக்கும் தெர்மோஸ்டாட், இறக்கை தேய்ந்த வாட்டர் பம்ப், அல்லது உறிஞ்சலில் சப்பிப்போகும் கீழ் ஹோஸ் காரணமாக இருக்கும். கடைசியாகச் சொன்னதைப் பலர் பார்ப்பதே இல்லை. பானட்டைத் திறந்து வைத்து, ஒருவரை ஆக்ஸிலரேட்டரை 3,000 சுற்றுவரை மிதிக்கச் சொல்லி, நீங்கள் தள்ளி நின்று கீழ் ஹோஸைக் கவனியுங்கள். அது தட்டையானால் காரணம் அகப்பட்டுவிட்டது.

காலையில் ஸ்டார்ட் செய்து ஐந்து பத்து நிமிடத்திலேயே கொதிக்கிறது என்றால் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கலாம், கூலன்ட் மிகக் குறைவாக இருக்கலாம், உள்ளே காற்று அடைத்திருக்கலாம், பம்ப் சுற்றாமல் இருக்கலாம். ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போயிருந்தாலும் இப்படி ஆகும்.

நாள்பட ஒழுங்காக ஓடிய வண்டி திடீரென்று ஒரே தாவலில் சிவப்புக்குப் போனால் ஹோஸ் வெடித்திருக்கும் அல்லது பெல்ட் அறுந்திருக்கும். பம்பை ஓட்டுவதும் ஆல்டர்னேட்டரை ஓட்டுவதும் ஒரே பெல்ட்டாக உள்ள வண்டிகளில் பேட்டரி விளக்கும் சேர்ந்து எரியும். சூட்டு எச்சரிக்கையும் பேட்டரி விளக்கும் சேர்ந்து வந்தால் வேறு எதையும் யோசிக்காமல் நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று: சூடாகி ஆவி பறக்கும்போது முள் திடீரென்று கீழே விழுந்தால் குளிர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். சென்சார் இருக்கும் இடத்தில் கூலன்ட் வற்றி, அது வெறும் ஆவியை அளந்துகொண்டிருக்கிறது.

மெக்கானிக்கிடம் போவதற்கு முன் வீட்டிலேயே எதைப் பார்க்கலாம்?

ராத்திரி முழுக்க ஆறிய வண்டியில், காலையில் மூடியைத் திறந்து ரேடியேட்டருக்குள்ளேயே பாருங்கள். பக்கத்தில் உள்ள கூலன்ட் டப்பாவில் அளவு சரியாக இருக்கிறது என்பது சாட்சி ஆகாது. டப்பா நிறைந்திருக்க ரேடியேட்டர் காலியாக இருப்பது உண்டு. ரேடியேட்டரில் மூடியே இல்லாத வண்டிகளில் அழுத்தம் தாங்கும் டப்பாவின் கோட்டைப் பாருங்கள்.

திறக்கும்போது ஒரு சத்தத்தையும் கவனியுங்கள். ராத்திரி முழுக்க ஆறிய என்ஜினில் "புஸ்" என்று அழுத்தம் வெளியேறக் கூடாது. வெளியேறினால் சிலிண்டரிலிருந்து எரிந்த வாயு உள்ளே வந்து அடைந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

அப்புறம் கூலன்டின் நிறம். துருப்பிடித்த செம்மண் நிறம் என்றால் உள்ளே அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். எண்ணெய் மிதந்தால் விஷயம் பெரிது. பம்ப்புக்கு அடியில் ஒரு சிறு துளை இருக்கும், அதைச் சுற்றி கூலன்ட் காய்ந்த தடம் இருந்தால் பம்ப் சீல் போய்விட்டது. ஹோஸ் கிளாம்ப்புகள், ரேடியேட்டரில் அலுமினியமும் பிளாஸ்டிக் டேங்கும் சேரும் ஓரம் ஆகியவற்றில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் அங்கே கசிகிறது.

ஃபேன் ஓடுகிறதே, பிறகு ஏன் நெரிசலில் சூடாகிறது?

ஓடுவது வேறு, இழுப்பது வேறு. ஒரு செய்தித்தாளின் ஒற்றைத் தாளை கிரில்லுக்கு முன்னால் பிடியுங்கள். ஃபேன் ஓடும்போது தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும். தொளதொளவென்று நின்றால் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்து வேகம் குறைந்திருக்கும், அல்லது கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தூசி மெத்தைபோல் அடைந்திருக்கும். தாள் முன்பக்கம் தள்ளப்பட்டால் மோட்டார் மாற்றியபோது வயரை மாற்றிப் போட்டு, ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டும் ஃபேன் இது. பார்ப்பதற்குச் சாதாரணமாகச் சுற்றுவதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

ஃபேனே ஓடவில்லை என்றால் ஏ.சி.யைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஏ.சி. போட்டதும் ஃபேன் ஓடியாக வேண்டும். ஏ.சி.க்கு ஓடி, சூட்டுக்கு ஓடவில்லை என்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது. சென்சாரையோ ஃபேன் சுவிட்சையோ பாருங்கள். இரண்டுக்குமே ஓடவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, கனெக்டர் பார்த்துவிட்டு, மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேரடியாகக் கரன்ட் கொடுத்துப் பாருங்கள். முதல் வேகம் செத்து இரண்டாம் வேகம் மட்டும் வேலை செய்யும் வண்டிகளும் உண்டு. அங்கே ரெசிஸ்டர் போயிருக்கும். சாவியை எடுத்த பிறகும் சில கார்களில் ஃபேன் தானாக ஓடும், கையை உள்ளே விடுவதற்கு முன் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள்.

டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்து ஃபேனை டைரக்ட் ஆக்கித் தருவதாக எலெக்ட்ரீஷியன் சொன்னால் ஊர் போய்ச் சேரும்வரை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். என்றாவது ஒரு நாள் சுவிட்ச் போட மறப்பீர்கள், அன்று ஹெட் போகும்.

பொலேரோ, சுமோ போல என்ஜின் நீளவாக்கில் அமைந்த வண்டிகள் பலவற்றில் மின்சார ஃபேனுக்குப் பதில் பெல்ட்டோடு சுற்றும் விஸ்கஸ் ஃபேன் (சூடேறும்போது இறுகிப் பிடிக்கும் கப்ளிங் கொண்டது) இருக்கும். என்ஜின் நன்றாகச் சூடான பிறகு நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு இறக்கையைக் கையால் சுழற்றுங்கள். கையை எடுத்த பிறகும் தாராளமாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் விஸ்கஸ் கப்ளிங் போய்விட்டது.

"தெர்மோஸ்டாட் நம்ம ஊர் வெயிலுக்குத் தேவையில்லை, கழற்றிப் போட்டுடலாம்" என்கிறார் மெக்கானிக். சரியா?

சரியில்லை. இந்த அறிவுரை எத்தனை என்ஜின்களைக் கெடுத்திருக்கிறது என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. தெர்மோஸ்டாட் குளிர் நாட்டுக்கான உதிரி அல்ல. வெளியே 40 டிகிரி வெயில் அடித்தாலும் என்ஜினுக்குத் தேவைப்படும் 85 டிகிரிக்கு அது கீழேதான். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் என்ஜின் உரிய சூட்டுக்கு வரத் தாமதமாகும், கம்ப்யூட்டர் அதைக் குளிர்ந்த என்ஜின் என்று நினைத்து அதிகப் பெட்ரோல் விடும், மைலேஜ் குறையும், ஆயிலில் ஈரம் சேரும். பல வண்டிகளில் பி0128 என்ற பிழைக் குறியீட்டுடன் செக் என்ஜின் விளக்கும் வரும்.

இன்னும் முக்கியமான ஒன்று உண்டு. பல என்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் பின்பக்கத் தட்டு, சூடானதும் பைபாஸ் வழியை, அதாவது கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் திரும்பும் வழியை, அடைக்கிறது. அதைக் கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே இருக்கும். கூலன்டில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்றும். சூட்டைக் குறைக்கக் கழற்றியது, பாரம் ஏறும்போது சூட்டைக் கூட்டிவிடும்.

சந்தேகம் இருந்தால் கழற்றி அடுப்பில் வைத்துச் சோதியுங்கள். பாத்திரத்தில் தண்ணீர், உள்ளே நூலில் கட்டித் தொங்கவிட்ட தெர்மோஸ்டாட், பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். அதன் மேல் பொறித்திருக்கும் டிகிரியில் திறக்கத் தொடங்கி, தண்ணீர் கொதிப்பதற்குள் நன்றாகத் திறந்துவிட வேண்டும். திறக்காவிட்டால் மாற்றிவிடுங்கள், அதே டிகிரியில் நல்ல கம்பெனி சாமானாக.

சின்ன மூடிக்காக இவ்வளவு பேசுகிறார்களே, அதனால் என்ன ஆகும்?

ரேடியேட்டர் மூடி, குக்கர் வெயிட் செய்யும் அதே வேலையைச் செய்கிறது. அழுத்தம் ஏறினால் கொதிநிலை ஏறும். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் 107 டிகிரி வாக்கில் கொதிக்கும்; 1.1 பார் (அழுத்தத்தின் அளவு) மூடிக்கு அடியில் அது 129 டிகிரி வரை தாங்கும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அந்த 20 டிகிரி பாதுகாப்பு மொத்தமும் போய்விடும். மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று எண் இருக்கும், மாற்றும்போது அதே எண் வேண்டும். கூடுதல் எண் போட்டால் பழைய ஹோஸும் ஹீட்டர் கோரும் (ஹீட்டருக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர்) வெடிக்கலாம்.

மூடிக்குள் இன்னொரு குட்டி வால்வும் இருக்கிறது. என்ஜின் ஆறும்போது டப்பாவிலிருந்து கூலன்டை திரும்ப உள்ளே இழுப்பது அதுதான். அது சிக்கிக்கொண்டால் ஒவ்வொரு பயணத்திலும் டப்பா நிறையும், ரேடியேட்டர் குறையும், ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பிக் கிடக்கும். இந்த அறிகுறிகள் இருந்தால் முதலில் மூடியை மாற்றுங்கள். இருப்பதிலேயே மலிவான வேலை இதுதான்.

கூலன்ட் குறைகிறது, ஆனால் எங்கேயும் ஒழுகவில்லை. எங்கே போகிறது?

சூடான இரும்பில் விழும் சொட்டு உடனே ஆவியாகிவிடும், தரையில் தடம் இருக்காது. அதனால் ஒர்க் ஷாப்பில் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். ஆறிய என்ஜினில் மூடி இருக்கும் இடத்தில் கைப்பம்ப்பை மாட்டி, மூடியில் எழுதிய அளவுக்கு அழுத்தம் ஏற்றி 10, 15 நிமிடம் விடுவார்கள். அழுத்தம் இறங்கினால் கசிவு உறுதி. முன் சீட்டுக்குக் கீழே கார்ப்பெட் ஈரமாக இருந்தாலோ, கண்ணாடியில் உள்பக்கம் பிசுபிசுவென்று பனி படிந்து இனிப்பு வாசனை வந்தாலோ ஹீட்டர் கோர் கசிகிறது. டீசல் வண்டிகளில் ஈ.ஜி.ஆர். கூலரும் (என்ஜினுக்குத் திரும்பப் போகும் புகையைக் குளிர்விப்பது) உள்ளுக்குள்ளேயே கசியும். இவை எதுவும் இல்லை என்றால்தான் ஹெட் கேஸ்கெட் பக்கம் போக வேண்டும்.

ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று எப்படி உறுதிசெய்வது?

கண்ணால் பார்த்துச் சொல்வதை ஏற்காதீர்கள். ஹெட்டை இறக்குவது பெரிய செலவு, அதற்கு முன் நிரூபணம் கேட்பது உங்கள் உரிமை.

எளிய அறிகுறிகள் சில உண்டு. ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடத்துக்குள், இன்னும் சூடே ஏறாதபோது, மேல் ஹோஸ் கல்போல் இறுகுவது. மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் குமிழிகள் நிற்காமல் வந்துகொண்டே இருப்பது. ஸ்பார்க் பிளக்குகளில் ஒன்று மட்டும் கழுவிவிட்டதுபோல் சுத்தமாக இருப்பது. சூடான பிறகும் அடங்காத வெள்ளைப் புகை. காலையில் முதல் சில நிமிடம் வரும் வெண்புகை வெறும் நீராவி, மழைக்காலத்திலும் மலையூர்களிலும் அது சாதாரணம். அதேபோல் ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் மட்டும் பால் நிற நுரை இருந்தால் அது குறைந்த தூரம் ஓட்டுவதால் சேர்ந்த ஈரமாகவும் இருக்கலாம். டிப் ஸ்டிக்கிலேயே ஆயில் காபி நிறத்தில் வந்தால்தான் கவலை.

உறுதியான சோதனை நீலத் திரவச் சோதனை. ரேடியேட்டர் வாயில் ஒரு குழாயை வைத்து, உள்ளிருந்து வரும் காற்றை நீல நிறத் திரவம் வழியாக உறிஞ்சுவார்கள். எரிந்த வாயு, அதாவது கார்பன் டைஆக்ஸைடு இருந்தால் நீலம் மஞ்சளாகும். கூலன்ட் அந்தக் குழாய்க்குள் ஏறிவிடாமல் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் முடிவு தவறும். ஹெட்டைத் தொடாமலே முடியும் சோதனை இது.

இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால் லேத்தில் ஹெட்டின் மட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். பல சிறிய பெட்ரோல் என்ஜின்களுக்கு அனுமதி 0.05 மில்லிமீட்டர்தான். விரிசலுக்கும் பிரஷர் டெஸ்ட் செய்ய வேண்டும். கம்பெனி ஒருமுறைக்கு மட்டும் என்று சொல்லியிருக்கும் ஹெட் போல்ட்டுகளை மறுபடி போட விடாதீர்கள். கேஸ்கெட் பெரும்பாலும் தானாகப் போவதில்லை; வேறொன்று சூடாக்கியதால் போகிறது. அந்த வேறொன்றைக் கண்டுபிடிக்காமல் புதிய கேஸ்கெட் போட்டால் அதுவும் போகும்.

வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டினால் என்ன? சூட்டை அது நன்றாகத்தானே கடத்துகிறது?

கடத்துவதில் தண்ணீர், கூலன்டில் உள்ள கிளைக்கால் என்ற ரசாயனத்தைவிட உசத்திதான். அதனால்தான் கூலன்டை தண்ணீர் கலக்காமல் அடர்த்தியாக ஊற்றுவதும் தவறு. ஆனால் வெறும் தண்ணீர் துருப்பிடிக்க வைக்கும், பம்ப் சீலைக் காய வைக்கும். அதிலும் போர் தண்ணீர் என்றால் கால்சியமும் மெக்னீசியமும் படிந்து, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் அடைத்தே போகும். வாளியின் ஓரத்தில் படியும் அந்த வெள்ளைப் படிவம்தான் உள்ளேயும் படிகிறது. அடர் கூலன்டும் பேட்டரி கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள், அல்லது கலந்தே விற்பதை வாங்குங்கள். நிறத்தை வைத்து ரகத்தை முடிவு செய்யாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். பாட்டிலில் எழுதியிருக்கும் ரகம் உங்கள் வண்டிப் புத்தகத்தில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும்.

ரேடியேட்டர் ஒழுகலுக்கு மஞ்சள் தூள் போடலாமா?

லாரி ஓட்டுநர்களின் பழைய கைவைத்தியம். நடுவழியில் சின்ன ஒழுகலை அது கொஞ்ச நேரம் நிறுத்தும். ஆனால் ஓட்டையை அடைக்கும் அதே தூள் ஹீட்டர் கோரையும் ரேடியேட்டர் குழாய்களையும் அடைக்கும். கடையில் விற்கும் ஒழுகல் நிறுத்தும் பவுடர்களுக்கும் இதே பதில்தான். போட்டிருந்தால் ஊர் வந்ததும் முழுக்க ஃபிளஷ் செய்துவிடுங்கள்.

கூலன்ட் மாற்றிய பிறகுதான் சூடாகவே ஆரம்பித்தது. ஏன்?

உள்ளே காற்று அடைத்திருக்கும். வண்டியின் முன்பக்கம் சற்று உயரமாக இருக்கும்படி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஆறிய நிலையில் மெதுவாக ஊற்றுங்கள். காற்று விடும் ஸ்க்ரூ இருந்தால் அதிலிருந்து குமிழி இல்லாமல் கூலன்ட் வரும்வரை திறந்து வையுங்கள். மூடியைத் திறந்தபடியே ஐடிலில் ஓட்டி, மட்டம் இறங்க இறங்க ஊற்றி, பொங்கி வருவதற்குள் மூடிவிட்டு, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை விடுங்கள். ஆறிய பிறகு மறுபடி மட்டம் பாருங்கள், நிச்சயம் குறைந்திருக்கும்.

மலை ஏறும்போது மட்டும் சூடாகிறது. இது கோளாறா, இயல்பா?

வால்பாறையின் 40 வளைவுகளையோ ஏற்காட்டின் 20 வளைவுகளையோ நல்ல நிலையில் உள்ள கார் ஏ.சி.யோடு ஏற வேண்டும். கொதித்தால் குளிர்விக்கும் அமைப்பில் எங்கோ பலம் குறைந்திருக்கிறது. பெரும்பாலும் பாதி அடைத்த ரேடியேட்டர், அல்லது அழுத்தம் பிடிக்காத மூடி. உயரம் ஏற ஏற காற்றழுத்தம் குறைவதால் ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். சமவெளியில் தெரியாமல் இருந்த மூடிக் கோளாறு அங்கே வெளிப்படும்.

ஓட்டும் முறையிலும் ஒன்று இருக்கிறது. பெரிய கியரில் என்ஜினைத் திணற விட்டு ஏற்றினால் பம்ப் மெதுவாகச் சுற்றும், சூடு மட்டும் கூடும். ஒரு கியர் குறைத்து, சுற்றை ஏற்றி ஓட்டுங்கள்.

ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறதா என்று கழற்றாமலே தெரியுமா?

ஓரளவுக்குத் தெரியும். என்ஜின் நன்றாகச் சூடானதும் நிறுத்திவிட்டு, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை ரேடியேட்டரின் முகம் முழுக்கக் காட்டுங்கள். சூடு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சீராகக் குறைந்துகொண்டு போக வேண்டும். நடுவில் ஒரு திட்டு மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே குழாய் அடைத்திருக்கிறது. பளபளக்கும் உலோகத்தில் இந்தக் கருவி தப்பாகக் காட்டும், அதனால் கறுப்பான பரப்பிலும் ரப்பர் ஹோஸிலும் அளப்பது நல்லது. பழைய பித்தளை ரேடியேட்டர்களைப் பிரித்து, கம்பி விட்டுச் சுத்தம் செய்து ஈயம் வைக்கலாம். பிளாஸ்டிக் டேங்க் வைத்த அலுமினிய ரேடியேட்டர் உள்ளே அடைத்தால் மாற்றுவதே மேல்.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, எல்லாமே சரி. ஆனாலும் சூடாகிறது.

அப்படியானால் கோளாறு பெரும்பாலும் குளிர்விக்கும் பக்கம் இல்லை, என்ஜின் வழக்கத்தைவிட அதிகச் சூட்டை உண்டாக்குகிறது. பிரேக் பிடித்தபடியே இருக்கிறதா என்று ஓட்டி நிறுத்திய பின் சக்கரத்தின் சூட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். அடைத்த கேட்டலிடிக் கன்வெர்ட்டர், தவறான இக்னிஷன் டைமிங், நழுவும் கிளட்ச், சரியாக ட்யூன் செய்யாத கேஸ் கிட் ஆகியவையும் இதைச் செய்யும். கிரில்லை மறைக்கும் பம்பர் கார்டும் பெரிய எக்ஸ்ட்ரா விளக்குகளும் காற்றைத் தடுக்கும், கழற்றி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்.

வேலை முடிந்துவிட்டது என்கிறார்கள். உண்மையிலேயே சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வண்டியை எடுக்கும் முன் ஒர்க் ஷாப்பிலேயே ஐடிலில் விட்டு, ஃபேன் இரண்டு முறை தானாக ஓடி நிற்பதைப் பாருங்கள். பிறகு ஏ.சி.யைப் போட்டு நெரிசலில் அரை மணி நேரம், அதன் பின் நெடுஞ்சாலையில் அரை மணி நேரம், போனில் டிகிரியைப் பார்த்தபடி பக்கத்தில் ஒருவர் இருக்க ஓட்டுங்கள். மறுநாள் காலை ஆறிய நிலையில் ரேடியேட்டர் மட்டத்தைப் பாருங்கள். முதல் நாள் சற்றுக் குறைந்தால் அது வெளியேறிய காற்று, நிரப்பிவிடலாம். ஒரு வாரம் கழித்தும் குறைந்துகொண்டே இருந்தால் பில்லோடு அதே ஒர்க் ஷாப்புக்குத் திரும்பப் போய் மறுபடி பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள்.